தாலின் பழைய நகரம்: பகலில் போய்த் திரும்புவதா, ஓர் இரவு தங்குவதா?

ஹெல்சிங்கி வரை வருபவர்களில் பலரும் எஸ்டோனியத் தலைநகர் தாலினுக்கு ஒரு நாள் ஒதுக்குகிறார்கள். இரு நகரங்களுக்கும் நடுவே பின்லாந்து வளைகுடா, சுமார் 80 கிலோமீட்டர். பெரிய கப்பல்கள் இரண்டு மணி நேரத்தில் கடந்துவிடும். இரண்டு நாடுகளிலும் யூரோ, இரண்டிலும் ஒரே கடிகார நேரம், இரண்டும் தங்களுக்குள் வழக்கமான எல்லைச் சோதனை இல்லாத ஷெங்கன் நாடுகள். இவ்வளவு எளிதாக இருப்பதால்தான் காலையில் போய் மாலையில் திரும்பும் டிக்கெட்டை யோசிக்காமல் எடுத்துவிடுகிறார்கள். கோடைக்காலத்தில் அந்த டிக்கெட் உங்களை நாளின் மிக நெரிசலான நேரத்தில் கொண்டுபோய் இறக்கி, நெரிசல் கலையும் நேரத்தில் திரும்ப ஏற்றிக்கொள்ளும்.

தாலினில் எத்தனை மணி நேரம் கிடைக்கிறது என்று கணக்குப் போடுவதற்கு முன்னால், எந்த மணி நேரம் கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும். கப்பல், தங்குமிடம், பருவம் எல்லாவற்றையும் அதிலிருந்தே முடிவு செய்யலாம்.

இடம் எவ்வளவு பெரியது

யுனெஸ்கோ 1997இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த இந்தப் பழைய நகரம் மிகச் சிறியது. வடக்கே துறைமுகத்தைப் பார்த்து நிற்கும் 'பருத்த மார்கரெட்டா' கோபுரத்திலிருந்து தெற்கே விடுதலைச் சதுக்கம் வரை ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான். கிழக்கே வீரு வாயிலிலிருந்து மேற்கே தோம்பியா கோட்டைக்கு அதைவிடக் குறைவு. நிற்காமல் நடந்தால் எந்த மூலையிலிருந்தும் எந்த மூலைக்கும் இருபது நிமிடம்.

ஆனால் இது இரண்டு அடுக்கு. வணிகர்களும் கைவினைஞர்களும் வாழ்ந்த கீழ்நகரம் 1248இல் ஜெர்மனியின் லூபெக் நகரச் சட்டத்தைப் பெற்று, ஹன்சா வணிகக் கூட்டமைப்பில் செழித்தது. பிஷப்பும் பிரபுக்களும் வாழ்ந்த தோம்பியா குன்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை தனி நிர்வாகமாகவே இருந்தது. இரண்டையும் இணைப்பவை இரண்டு பாதைகள். பிக் யால்க் நீளமான சரிவு. லூஹிக்கே யால்க் குறுகலானது, படிகள் கொண்டது. முழங்கால் வலி உள்ளவர்கள் பிக் யால்க் வழியாக ஏறுவது நல்லது. குன்று உயரமில்லை, ஆனாலும் கால்களைச் சோதிப்பது உருண்டைக் கல் பதித்த தரை. மெல்லிய அடிப்பாகம் கொண்ட காலணியோடு வந்தால் மூன்று மணி நேரத்தில் பாதம் வலிக்கத் தொடங்கிவிடும். குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து வருபவர்கள் பெரிய சக்கரம் உள்ள வண்டியைக் கொண்டு வர வேண்டும். சிறு சக்கரங்கள் கல் இடுக்கில் சிக்கும்.

கூட்டம் எப்போது, எந்த வழியில்

பழைய துறைமுகத்தில் ஹெல்சிங்கி, ஸ்டாக்ஹோம் கப்பல்கள் மட்டுமல்லாமல், பால்டிக் கடலைச் சுற்றிவரும் உல்லாசக் கப்பல்களும் நிற்கின்றன. அவற்றின் பருவம் வசந்தத்தில் தொடங்கி இலையுதிர் காலம் வரை நீடிக்கிறது, உச்சம் ஜூன் முதல் ஆகஸ்ட். காலையில் வந்து, பெரும்பாலும் மாலையிலேயே புறப்பட்டுவிடும். ஒரே நாளில் இரண்டு மூன்று கப்பல்கள் வந்தால் பல்லாயிரம் பேர் இந்த ஒரு கிலோமீட்டருக்குள் இறங்குகிறார்கள்.

அவர்களுடைய பேருந்துகள் முதலில் தோம்பியா மேலே கொண்டுபோய் விடும். மூத்த பயணிகள் ஏற வேண்டாம், இறங்கினால் போதும் என்பதற்காக. அங்கிருந்து அலெக்சாண்டர் நெவ்ஸ்கி பேராலயம், கோத்துஒத்சா காட்சி மேடை, பிக் யால்க் சரிவு, நகர மன்றச் சதுக்கம், வீரு வாயில் என்ற வரிசையில் கூட்டம் கீழே வரும். காலை பத்து மணி முதல் பிற்பகல் வரை இந்த வரிசை ஓயாது. கோத்துஒத்சா மேடையில் கைப்பிடிச் சுவரோரம் இடம் பிடிக்கவே காத்திருக்க வேண்டியிருக்கும்.

பகலில் வந்தால் இதை அப்படியே தலைகீழாகச் செய்யுங்கள். வடக்கே பருத்த மார்கரெட்டாவில் தொடங்கி பிக், லாய் ஆகிய இரண்டு நீளத் தெருக்களையும் காலையில் பாருங்கள். மதியம் சதுக்கம். தோம்பியாவைப் பிற்பகலின் கடைசிக்குத் தள்ளுங்கள். இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கோத்துஒத்சா கிழக்கும் வடகிழக்கும் பார்த்த மேடை. காலையில் வெயில் எதிரே அடிக்கும், படத்தில் ஓட்டுக் கூரைகள் கருத்துத் தெரியும். மாலையில் வெயில் முதுகுப் பக்கமிருந்து விழும்போதுதான் அந்தச் செங்கூரைகளும் ஓலெவிஸ்தே தேவாலயக் கோபுரமும் அவற்றுக்கே உரிய நிறத்தில் தெரிகின்றன.

தாலின் துறைமுகம் தன் இணையதளத்தில் உல்லாசக் கப்பல்களின் வருகைப் பட்டியலை வெளியிடுகிறது. டிக்கெட் எடுக்கும் முன் அதைப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகும். கப்பல் இல்லாத நாள் கிடைத்தால் அதைவிட நல்ல நாள் வேறில்லை.

முதல் வழி: காலைக் கப்பல், மாலைத் திரும்பல்

டாலிங்க் கப்பல்கள் ஹெல்சிங்கியின் மேற்குத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டு, தாலினில் டி முனையத்துக்கு வருகின்றன. பயணம் இரண்டு மணி நேரம். எக்கரோ லைனும் மேற்குத் துறைமுகத்திலிருந்துதான், ஆனால் தாலினில் ஏ முனையம். வைக்கிங் லைன் கதயனொக்காவிலிருந்து கிளம்பி ஏ முனையத்துக்கு வரும். இந்த இரண்டுக்கும் சற்றே கூடுதல் நேரம் ஆகும். ஹெல்சிங்கியில் தவறான துறைமுகத்துக்குப் போய் நிற்பதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. மேற்குத் துறைமுகமும் கதயனொக்காவும் நகர மையத்தின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கின்றன. கடைசி நிமிடத்தில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஓடிப் பயனில்லை. கப்பல் கிளம்பும் நேரத்துக்கு முன்பே வாயிலை மூடிவிடுவார்கள். ஒரு மணி நேரம் முன்னால் இருந்தால் நிம்மதி.

கணக்கு இப்படி வரும். ஏழரை மணிக் கப்பல் ஒன்பதரைக்கு அடையும். இறங்கி, நீண்ட நடைபாலம் கடந்து, வெளியே வரப் பதினைந்து நிமிடம். டி முனையத்திலிருந்து வீரு வாயிலுக்கு நடை இருபது நிமிடம். ஏ முனையத்திலிருந்து பருத்த மார்கரெட்டாவுக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் போதும். ஆக, பத்து மணிக்கு உள்ளே. நாலரைக் கப்பலில் திரும்பினால் மூன்றரைக்கே நகரை விட்டுக் கிளம்ப வேண்டும். மதிய உணவுக்கு ஒரு மணி நேரம் போனால் மிஞ்சுவது நாலரை மணி நேரம், அத்தனையும் நெரிசலில். ஏழரைக் கப்பலில் திரும்பினால் கூடுதலாக மூன்று மணி நேரம் கிடைக்கும். அதில் கடைசி ஒன்றரை மணி நேரம்தான் அமைதியானது.

இந்த வழிக்கு ஒரு பலம் உண்டு: விலை. ஒரே நாளில் போய்வரும் டிக்கெட்டைக் கப்பல் நிறுவனங்கள் தனி விலையில், இரண்டு ஒருவழி டிக்கெட்டைவிட மலிவாக விற்பதுண்டு. குறிப்பிட்ட கப்பல்களுக்கு மட்டுமே அது செல்லும். வெள்ளி மாலையும் ஞாயிறு மாலையும் விலை ஏறும். செவ்வாய், புதன் கிழமைகளில் இறங்கும். பெட்டியைத் தூக்க வேண்டியதில்லை, ஹெல்சிங்கி அறையிலேயே விட்டுவிடலாம் என்பதும் குழந்தைகளோடு வருபவர்களுக்குப் பெரிய வசதி.

அருங்காட்சியகங்களை உள்ளே போய்ப் பார்க்கும் ஆசையே முதன்மை என்றால் இந்த வழி சரி. அவை திறந்திருக்கும் நேரமும் உங்கள் நேரமும் ஒன்றுதான்.

இரண்டாம் வழி: முற்பகல் கப்பல், இரவுத் திரும்பல்

அதே ஒரு நாள், அதே செலவு, ஆனால் மூன்று மணி நேரம் தள்ளி வைத்தது. பத்தரைக் கப்பலில் கிளம்பினால் பன்னிரண்டரைக்கு தாலின், ஒரு மணிக்கு மதிலுக்குள். இரவு பத்தரை மணிக் கப்பலுக்கு ஒன்பதரைக்குக் கிளம்பினால் போதும். எட்டரை மணி நேரம் கையில் இருக்கும். அதில் ஐந்து மணிவரை அருங்காட்சியகம், கோபுரம், சாப்பாடு. அதன் பிறகு நாலரை மணி நேரம் தெருக்கள்.

கோடையில் இது அருமையான வழி. ஜூன் இறுதியில் தாலினில் சூரியன் மறைய இரவு பத்தரை தாண்டிவிடும். ஏழு மணிக்கு மேல் கத்தரீனா சந்தில் உங்களோடு நாலைந்து பேர் இருப்பார்கள். டொமினிக்கன் மடத்தின் சுவரோரம் பதித்து வைத்த பழைய கல்லறைப் பலகைகளை நின்று பார்க்கலாம். எட்டு மணிக்கு கோத்துஒத்சா மேடையில் கைப்பிடிச் சுவர் காலியாக இருக்கும். மதில்மேல் விழும் அந்தச் சாய்ந்த வெளிச்சத்துக்காகவே இங்கே வரலாம்.

இடைஞ்சல்கள் மூன்று. இரவுக் கப்பல் எல்லா நாளும் எல்லாப் பருவத்திலும் ஓடும் என்று நம்பிவிடக்கூடாது. கால அட்டவணையில் உங்கள் தேதியைப் பார்த்து உறுதி செய்ய வேண்டும். ஹெல்சிங்கி வந்து சேரும்போது நள்ளிரவு தாண்டிவிடும். அந்த நேரத்தில் டிராம்கள் குறைவு, மையத்தை விட்டுத் தள்ளி அறை எடுத்திருந்தால் டாக்சிச் செலவு சேரும். சிறு குழந்தைகளுக்கு இது மிக நீண்ட நாள். இந்த மூன்றும் பொருந்தாவிட்டால் முதல் வழிக்குத் திரும்புவதைவிட மூன்றாம் வழியை எண்ணிப் பாருங்கள்.

மூன்றாம் வழி: ஓர் இரவு

இதைச் செலவு கூடிய வழி என்று ஒதுக்குகிறார்கள். ஹெல்சிங்கியில் நான்கு இரவு போட்டிருந்தால் மூன்றாக்கி, ஒன்றைத் தாலினுக்கு மாற்றினால் கணக்கு வேறு. தாலினில் அறை பொதுவாக ஹெல்சிங்கியைவிட மலிவு. ஒருவழி டிக்கெட் இரண்டு எடுப்பதால் கூடும் தொகையின் பெரும்பகுதி அங்கேயே ஈடாகிவிடும். ஹெல்சிங்கி அறையை அப்படியே வைத்துக்கொண்டு இங்கே இன்னோர் அறை எடுத்தால்தான் நட்டம்.

கிடைப்பது இரண்டு ஓரங்கள்: மாலை ஆறு மணிக்குப் பின், காலை ஒன்பது மணிக்கு முன். காலை ஓரத்தின் மதிப்பு பலருக்குத் தெரிவதில்லை. எட்டு மணிக்கு நகர மன்றச் சதுக்கத்தில் கடைக்காரர்களும் சரக்கு வண்டிகளும் மட்டும்தான். 1404இல் கட்டி முடித்த நகர மன்றத்தையும், அதன் உச்சியில் 1530 முதல் காற்றுத்திசை காட்டும் 'வன தோமஸ்' பொம்மையையும் மேசை குடைகளின் மறைப்பு இல்லாமல் பார்க்கலாம். சூரிய உதயத்தில், ஆனால் ஏழு மணிக்கு முன்னதாக இல்லாமல், தோம்பியா கோட்டையின் பிக் ஹெர்மன் கோபுரத்தில் எஸ்டோனியக் கொடி ஏறும். குளிர்காலத்தில் உதயமே ஒன்பதை நெருங்கி, தாண்டியும் விடுவதால், தூக்கம் கெடாமலே அதைப் பார்க்கலாம்.

ஹெல்சிங்கிக்குத் திரும்ப வேண்டிய அவசியம் இல்லாதவர்களுக்கு இந்த வழி இன்னும் லாபம். தாலினிலிருந்து ரிகாவுக்குப் பேருந்தில் நாலரை மணி நேரம்தான். விமான நிலையம் நகர மையத்திலிருந்து நான்கு கிலோமீட்டர், நான்காம் எண் டிராம் போகிறது. ஒருவழியாக வந்து வேறு வழியாக வெளியேறினால் திரும்பும் கப்பலின் இரண்டு மணி நேரமும் மிச்சம்.

இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். பின்லாந்துக்கு வாங்கிய ஷெங்கன் விசா இங்கும் செல்லும். ஒருமுறை நுழைவு விசாவாக இருந்தாலும் போதும், ஏனெனில் கடல் கடந்தாலும் ஷெங்கனை விட்டு வெளியேறவில்லை. எல்லையில் முத்திரை கிடையாது. அதற்காகப் பாஸ்போர்ட்டை அறையில் விட்டுவிட்டு வரக்கூடாது. கப்பலில் அடையாள ஆவணம் கேட்பார்கள், இறங்கும் இடத்தில் திடீர்ச் சோதனையும் நடக்கும். பின்லாந்தில் வேலை பார்ப்பவர்கள் வதிவிட அனுமதி அட்டையோடு பாஸ்போர்ட்டையும் எடுத்து வர வேண்டும். நாட்களைக் கூட்டும்போது மட்டும் கவனம்: விசாவை எந்த நாட்டில் அதிக இரவுகள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் கேட்க வேண்டும். தாலின் இரவுகள் பின்லாந்து இரவுகளை மிஞ்சினால் விண்ணப்பம் எஸ்டோனியாவுக்குப் போக வேண்டும்.

மதிலுக்கு உள்ளேயா, வெளியேயா

மதிலுக்குள் தங்குவது என்றதும் எல்லாம் ஒன்று என்று நினைத்து, வரைபடத்தில் சதுக்கத்துக்கு அருகில் இருப்பதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தவறு அங்கேதான். சதுக்கத்துக்குத் தெற்கே சுர்-கர்யா, வைக்கே-கர்யா, வன-போஸ்தி தெருக்களில் மதுக்கடைகளும் நடன விடுதிகளும் அடர்ந்திருக்கின்றன. வெள்ளி, சனி இரவுகளில் விடியும்வரை சத்தம் இருக்கும். பழைய கட்டடங்களின் சன்னல்களைக் கோடையில் திறந்து வைத்தால்தான் காற்று வரும், திறந்தால் தூங்க முடியாது. அதே மதிலுக்குள் வடக்கே லாய் தெருவும் பிக் தெருவின் கடைசிப் பகுதியும் இரவில் அமைதியானவை. துறைமுகத்துக்கும் அவைதான் அருகில். உள்ளே தங்குவதென்றால் வடபகுதியே என் தேர்வு.

உள்ளே எங்கே எடுத்தாலும் பதிவு செய்யும் முன் இரண்டைக் கேட்டுவிட வேண்டும். மின்தூக்கி உண்டா? இடைக்கால வணிகர் வீடுகளை விடுதியாக்கியிருக்கிறார்கள், பலவற்றில் செங்குத்தான குறுகிய படி மட்டும்தான். வண்டி வாசல் வரை வருமா? சில தெருக்களில் வாகனங்களுக்கு அனுமதி இல்லை, கடைசி 200, 300 மீட்டரை உருண்டைக் கல்மேல் பெட்டியை இழுத்தே கடக்க வேண்டும். மலிவான பெட்டிகளின் சக்கரம் அங்கே உடையும்.

வெளியே தங்க இரண்டு நல்ல இடங்கள். துறைமுகத்துக்கும் வீரு வாயிலுக்கும் நடுவே உள்ள ரோட்டர்மன் பகுதி பழைய ஆலைக் கட்டடங்களைச் சீரமைத்து உருவானது. சமதளம், மின்தூக்கி உள்ள புது விடுதிகள், மதிலுக்கு ஐந்து நிமிடம், கப்பலுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம். பெரியவர்களோடும் பெரிய பெட்டிகளோடும் வரும் குடும்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. மற்றொன்று மேற்கே ரயில் நிலையத்துக்கு அப்பால் மரவீடுகள் நிறைந்த கலமயா. பால்டி யாம் சந்தையும் தெல்லிஸ்கிவி கலை வளாகமும் பக்கத்தில். ரயில் நிலையத்திலிருந்து பட்குலி படிகள் வழியே நேராகத் தோம்பியா மேலே ஏறிவிடலாம். படிகள் நூற்றைம்பதுக்கு மேல். இரண்டு இரவு தங்குபவர்களுக்கு கலமயா சுவையானது, ஒரே இரவுக்கு ரோட்டர்மன்தான் வசதி.

பெட்டியை என்ன செய்வது என்பது ஒரே இரவுக்காரர்களின் கேள்வி. துறைமுக முனையங்களிலும் ரயில் நிலையத்திலும் லாக்கர்கள் இருக்கின்றன. அறையைக் காலி செய்த பின் விடுதியிலேயே வைக்கச் சொல்வதைவிட, மாலைக் கப்பல் கிளம்பும் முனையத்து லாக்கரில் காலையிலேயே போட்டுவிட்டு வந்தால் கடைசி ஒரு மணி நேரம் பதற்றம் இல்லை.

எந்தக் கோபுரத்துக்குக் காசு கொடுப்பது

நகருக்குள் ஏறக்கூடிய உயரங்கள் பல, எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டணம். ஒரே நாளில் ஒன்று போதும். கோத்துஒத்சா, பட்குலி என்ற இரண்டு இலவச மேடைகள் இருப்பதால் ஒன்றுகூட ஏறாமலும் திரும்பலாம்.

ஓலெவிஸ்தே தேவாலயத்தின் கோபுரம் 124 மீட்டர், காட்சி மேடை அதில் ஏறத்தாழ பாதி உயரத்தில். சுழல் படிகள் இருநூறுக்கு மேல். ஏறுபவர்களும் இறங்குபவர்களும் அதே குறுகிய படியில் ஒதுங்கி வழிவிட வேண்டும். மேலே கூரையைச் சுற்றிய ஒடுங்கிய நடைபாதை. உயரம் என்றால் அஞ்சுபவர்களும் மூச்சிரைப்பு உள்ளவர்களும் தவிர்ப்பது நல்லது. ஆனால் தோம்பியா குன்று, மதில், கோபுரங்கள், துறைமுகம் எல்லாம் ஒரே வட்டத்தில் தெரிவது இங்கிருந்துதான். சோவியத் காலத்தில் உளவு அமைப்பான கேஜிபி இந்தக் கோபுரத்தை வானொலி அலைவரிசைக்குப் பயன்படுத்தியது. குளிர்காலத்தில் ஏற விடமாட்டார்கள்.

நிகுலிஸ்தே தேவாலயம் 1944 மார்ச் 9 இரவு சோவியத் விமானக் குண்டுவீச்சில் எரிந்தது. பின்னர் சீரமைத்து அருங்காட்சியகமாக்கினார்கள். இங்கே கோபுரத்துக்குள் கண்ணாடி மின்தூக்கி இருக்கிறது. படி ஏற முடியாத அப்பா அம்மாவுக்கு நகரை மேலிருந்து காட்ட இதுதான் வழி. கீழே லூபெக் ஓவியர் பெர்ன்ட் நோட்கே தீட்டிய 'மரண நடனம்' ஓவியத்தின் எஞ்சிய பகுதி இருக்கிறது: போப், பேரரசர், பேரரசி, கார்டினல், அரசர் ஒவ்வொருவரையும் எலும்புக்கூடுகள் கைபிடித்து அழைத்துப் போகின்றன. பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் தீட்டியது. இந்த நகரில் ஒரே ஒரு கட்டணச் சீட்டு வாங்குவதென்றால் நிகுலிஸ்தேவுக்கு வாங்குங்கள். கோபுரமும் ஓவியமும் ஒரே கூரையின் கீழ் வேறெங்கும் கிடைக்காது.

நகர மன்றக் கோபுரம் கோடை மாதங்களில் மட்டும் திறக்கும். படிகள் செங்குத்து, உச்சி இடம் சிறியது. கீக் இன் தே கோக் பீரங்கிக் கோபுரம் 1470களில் எழத் தொடங்கியது. அங்கிருந்து கொத்தளத்தின் அடியில் போகும் சுரங்கப் பாதைகளுக்கும் அழைத்துப் போகிறார்கள். வெளியே எவ்வளவு வெயிலாக இருந்தாலும் கீழே குளிரும், மேல்சட்டை வேண்டும். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இதுதான் பிடிக்கும். மதில்மேல் நடக்க விரும்புபவர்கள் முரிவகே தெருவில் ஹெலெமன் கோபுரம் வழியாக ஏறலாம். சுமார் இரண்டு கிலோமீட்டர் மதில் இன்றும் நிற்கிறது, அதில் நடக்கத் திறந்துவிட்டது சில துண்டுகள் மட்டுமே.

காசில்லாமல் பார்க்கக்கூடியவற்றில் விட்டுவிடக்கூடாதது நகர மன்ற மருந்தகம். 1422இலேயே ஆவணங்களில் வருகிறது, அதே சதுக்கத்தில் இன்றும் மருந்து விற்கிறது. 1900இல் கட்டி முடித்த அலெக்சாண்டர் நெவ்ஸ்கி பேராலயத்துக்கும் கட்டணம் இல்லை. உள்ளே படம் எடுக்கக்கூடாது, வழிபாடு நடக்கும்போது ஓரமாக நிற்க வேண்டும்.

தாலின் கார்டு என்ற கூட்டுச் சீட்டு எடுக்கலாமா? மூன்று அல்லது நான்கு அருங்காட்சியகங்களுக்கு உள்ளே போவதென்றால் மட்டும் கட்டுப்படியாகும். இரண்டாம் வழியில் வருபவர்களுக்கு அது வீண்செலவு, அவர்கள் நேரத்தில் பாதி அருங்காட்சியகங்கள் மூடிய பிறகுதான். கோடை தவிர்த்த மாதங்களில் பல இடங்களுக்குத் திங்கள்கிழமை விடுமுறை என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

சாப்பாடு

சதுக்கத்தைச் சுற்றிய உணவகங்களில் நீங்கள் கொடுப்பது இடத்துக்கான விலை. இரண்டு தெரு தள்ளினாலே குறையும். பால்டி யாம் சந்தையில் இன்னும் குறைவு. சைவம் சாப்பிடுபவர்கள் சூப்பில் ஏமாறுகிறார்கள்: பட்டாணி சூப் என்று எழுதியிருந்தாலும் புகையூட்டிய பன்றி இறைச்சி சேர்ப்பதே இங்கே வழக்கம், முட்டைக்கோஸ் சூப்பும் அப்படித்தான். கேட்டு வாங்குங்கள். ரத்தஸ்கேவு தெருவில் உள்ள 'வி' முழுக்கத் தாவர உணவகம், மிகச் சிறியது, முன்பதிவு இல்லாமல் மாலையில் இடம் கிடைப்பது கடினம். கம்பு மாவுக் கறுப்பு ரொட்டி எங்கும் நன்றாக இருக்கும். பிக் தெருவில் 1864 முதல் இருக்கும் மையஸ்மொக் காபிக் கடையில் மர்சிப்பான் என்ற பாதாம் இனிப்பு வாங்கலாம், கெடாமல் ஊர் வந்து சேரும்.

பருவம் மாறினால் விடையும் மாறும்

மேலே சொன்னதெல்லாம் மே முதல் செப்டம்பர் வரைக்கும் பொருந்தும். டிசம்பரில் கணக்கே வேறு. உல்லாசக் கப்பல் நெரிசல் இல்லை, ஆனால் பகல் வெளிச்சம் ஆறு மணி நேரம்தான்: ஒன்பது தாண்டி விடிந்து மூன்றரைக்குள் இருட்டும். இரண்டாம் வழியில் முற்பகல் கப்பலில் வந்தால் வெளிச்சத்தில் நகரைப் பார்க்க இரண்டரை மணி நேரம் கிடைக்கும். எனவே குளிர்காலத்தில் ஒரு நாள் பயணம் என்றால் காலைக் கப்பலே சரி. தோம்பியாவை முதலில் முடித்துவிட்டு, இருட்டியதும் சதுக்கத்துக்கு இறங்கிவிடலாம். நவம்பர் பிற்பகுதி முதல் அங்கே கிறிஸ்துமஸ் சந்தை நடக்கும். அது விளக்கு ஏறிய பிறகு பார்க்க வேண்டியது, மாலை இரண்டு மணி நேரம் போதும். வார இறுதியில் ஹெல்சிங்கியிலிருந்து பெருங்கூட்டம் வரும் என்பதால் வாரநாள் மேல்.

ஜனவரி, பிப்ரவரியில் அறை விலை இறங்கிவிடும். நகரம் உள்ளூர்க்காரர்களுடையதாக இருக்கும், பனியோடு மிக அழகாகவும் இருக்கும். ஓர் இரவு தங்க இதைவிட மலிவான காலம் இல்லை. ஆனால் லூஹிக்கே யால்க் படிகளும் பட்குலி படிகளும் உறைந்து வழுக்கும். காலணிக்கு மேல் மாட்டும் ஆணி வைத்த ரப்பர்ப் பட்டையை ஹெல்சிங்கியிலேயே வாங்கிவிடுங்கள். பனி உருகத் தொடங்கும் நாட்களில் இன்னோர் ஆபத்து மேலிருந்து வரும். செங்குத்தான ஓட்டுக் கூரைகளிலிருந்து பனிக்கட்டிகளும் கூர்மையான பனி ஈட்டிகளும் நடைபாதையில் விழும். நடைபாதையோரம் நாடாவோ பலகையோ வைத்து அடைத்திருந்தால் சுவரை ஒட்டி நடக்காமல் தெருவின் நடுவுக்கு வந்துவிட வேண்டும்.

அக்டோபர் இறுதியும் நவம்பரும்தான் யாருக்கும் பரிந்துரைக்க மனம் வராத காலம். மழை, காற்று, குறையும் வெளிச்சம், மூடிய கோபுரங்கள், இன்னும் தொடங்காத சந்தை. வளைகுடாவில் காற்று பலமாக அடிக்கும் மாதங்களும் இவைதான். கப்பல் பெரும்பாலும் ஓடும், ஆனால் ஆடும். பயண வாந்தி உள்ளவர்கள் மாத்திரையைப் புறப்படுவதற்கு அரை மணி, ஒரு மணி நேரம் முன்பே போட்டுக்கொண்டு, கப்பலின் நடுப்பகுதியில் கீழ்த்தளத்து இருக்கையாகப் பார்த்து உட்கார வேண்டும். முன்பகுதியின் பெரிய சன்னலோரம்தான் ஆட்டம் மிக அதிகம்.